வேட்டையில்லாமல் பாயின்டர் நாயைப் பழக்குவது எப்படி? கௌதாரி மிகுந்த கொல்லையில் ஒரு மோப்ப நாய்

ஒடுகத்தூர்_மானாவாரி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். பெங்களூரில் வேலை பார்த்த என் அண்ணன் குடும்பத்தோடு வெளிநாட்டுக்குப் போய்விட்டதால், அவர் வளர்த்த இங்கிலிஷ் பாயின்டர் இனத்துப் பெட்டை நாய் இப்போது எங்களிடம் இருக்கிறது. இரண்டு வயது இன்னும் நிறையவில்லை. அடுக்குமாடி வீட்டில் வளர்ந்த நாய் என்பதால், பறவையைத் தேடவோ துரத்தவோ அதற்கு யாரும் கற்றுக்கொடுத்ததில்லை. ஆனால் ஒடுகத்தூருக்கு அப்பால் மலையடிவாரத்தில் இருக்கும் எங்கள் கொல்லைக்கு அழைத்துப்போன சில நாள்களிலேயே, மல்லாட்டை பிடுங்கி முடித்த நிலத்தின் வரப்போரம் முன்னங்கால் ஒன்றைத் தூக்கி, வாலை நேராக நீட்டி, அசையாமல் நின்றுவிட்டது. நாங்கள் அருகே போனதும் புதருக்குள்ளிருந்து கௌதாரிகள் கிளம்பின. நாயும் அவற்றின் பின்னாலேயே ஓடி வேலிகாத்தான் புதர்களுக்குள் புகுந்துவிட்டது. எவ்வளவு கூப்பிட்டும் உடனே திரும்பவில்லை. அன்றிலிருந்து கொல்லைக்குப் போகும்போதெல்லாம் இதேதான் நடக்கிறது.

வேட்டையாடும் எண்ணம் எனக்குத் துளியும் இல்லை. ஆனால் பிறவியிலேயே இருக்கும் ஒரு திறமையைப் பூட்டிவைக்கவும் மனம் வரவில்லை. பறவையைக் கொல்லாமல் இந்த நாயை முறையாகப் பழக்க முடியுமா, முடியுமென்றால் எங்கிருந்து தொடங்குவது, எல்லாம் எங்கள் பட்டா நிலத்துக்குள் நடப்பதால் சட்டப்படி சிக்கல் ஏதும் உண்டா என்பதை அறிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன். வேட்டை நாயை வேட்டைக்கு விடாமல் வைத்திருப்பது பாவம் என்று ஊரில் சில பெரியவர்கள் சொல்கிறார்கள். அவர்களுக்கு என்ன பதில் சொல்வது என்றும் தெரியவில்லை.

சத்துவாச்சாரி_வழக்குரைஞர் எழுதியது:

சட்டத்தைப் பற்றி மட்டும் சொல்கிறேன். 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் வேட்டை என்பது கொல்வதை மட்டும் குறிப்பதில்லை. பிடித்தல், துரத்துதல், விரட்டுதல், கண்ணி வைத்தல், இரை வைத்துக் கவர்தல் ஆகிய அனைத்தும், அவற்றுக்கான ஒவ்வொரு முயற்சியும் 2ஆம் பிரிவின் 16ஆம் உட்பிரிவில் வேட்டை என்றே வரையறுக்கப்பட்டுள்ளன. பறவைகளைப் பொறுத்தவரை முட்டையைச் சேதப்படுத்துவதும், முட்டையையோ கூட்டையோ கலைப்பதும்கூட அதே வரையறைக்குள் வருகின்றன. ஆகவே உங்கள் நாய் கௌதாரியைத் துரத்துவதைத் தெரிந்தே நீங்கள் தினமும் அனுமதித்தால், ஒரு இறகுகூட உதிராவிட்டாலும், நீங்கள் சட்டத்தின் தவறான பக்கத்தில் நிற்கிறீர்கள். பட்டா நிலம் என்பதால் விலக்கு எதுவும் இல்லை. இந்தச் சட்டம் காப்புக்காட்டுக்கு உள்ளே ஒன்றும் வெளியே வேறொன்றுமாகப் பறவையைப் பார்ப்பதில்லை.

முன்பு சிறு வேட்டைக்கென்று உரிமம் வழங்கும் முறை இதே சட்டத்தில் இருந்தது. 1991ஆம் ஆண்டுத் திருத்தம் அதை நீக்கிவிட்டது. 2022ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின் பொதுவான குற்றங்களுக்கு 3 ஆண்டு வரை சிறை, அல்லது 1 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் விதிக்கலாம். முதல் அட்டவணையில் உள்ள மயிலைத் துரத்திப் பிடித்தால் 3 ஆண்டுக்குக் குறையாத, 7 ஆண்டு வரை நீளக்கூடிய சிறைத்தண்டனை உண்டு. உங்கள் பகுதியில் மயில் இல்லாத கொல்லையே கிடையாது என்பதால் இதைத் தனியாகச் சொல்கிறேன்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். வெளிநாட்டுக் காணொளிகளைப் பார்த்துவிட்டுச் சிலர் புறாவையோ காடையையோ கயிற்றில் கட்டி, அதன்மேல் நாயைப் பழக்க நினைக்கிறார்கள். பொழுதுபோக்குக்காக ஒரு விலங்கை அடைத்தோ கட்டியோ வைத்து வேறொரு விலங்குக்கு இரைப்பொருளாக்குவது 1960ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டத்தின் 11ஆம் பிரிவில் குற்றம். கடையில் விலைகொடுத்து வாங்கிய பறவைதானே என்ற வாதம் அங்கே எடுபடாது.

ஆம்பூர்_வடக்கு எழுதியது:

ஸ்காட்லாந்தில் பணியாற்றிய ஆண்டுகளில் கிரவுஸ் பறவைகளைக் கணக்கெடுக்கும் குழுக்களோடு பாயின்டர்களையும் செட்டர்களையும் நடத்திய அனுபவம் எனக்கு உண்டு. அந்த அடிப்படையில் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் உங்கள் ஊர்ப் பெரியவர்களுக்கான பதில். பாயின்டரின் வேலை எங்கே முடிகிறது என்பதைத் தெரிந்துகொண்டால் பாவம் என்ற பேச்சுக்கே இடமில்லை. இரையின் மேல் பாய்வதற்கு முன் எல்லா நாயினமும், நரியும் ஓநாயும்கூட, ஒரு கணம் உறைந்து நிற்கின்றன. அந்த ஒரு கணத்தைத் தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுத்து நீட்டி, பாய்ச்சலை மட்டும் அடக்கிவைத்த இனங்கள்தான் பாயின்டரும் செட்டரும். துப்பாக்கி பரவுவதற்கு முன் ஐரோப்பாவில், பறவைக்கு எதிரே பதுங்கிக் கிடக்கும் நாயையும் சேர்த்து மூடுவதுபோல வலையை இழுத்துப் பறவையைப் பிடித்தார்கள். நாய் அசைந்தால் வலை வீண் என்பதால், அசையாமல் இருப்பதே அதன் மதிப்பாக இருந்தது. ஸ்பேனியல் புதரைக் கலைத்துப் பறவையை எழுப்பும். ரெட்ரீவர் விழுந்ததை எடுத்துவரும். பாயின்டர் கண்டுபிடித்து நிற்கும். 1865ஆம் ஆண்டு இங்கிலாந்தின் சவுத்ஹில் என்னும் இடத்தில் பாயின்டர்களுக்கும் செட்டர்களுக்கும் களப்போட்டி நடந்தது. இத்தகைய போட்டிகளில் பதிவான முதல் போட்டி என்று அதைத்தான் குறிப்பிடுகிறார்கள். இன்றும் அங்கே வசந்த காலத்தில், கௌதாரி இனப் பறவைகள் இணைசேர்ந்து திரியும்போது, ஒரு பறவையைக்கூடச் சுடாமல் இந்த நாய்களுக்குப் போட்டி வைக்கிறார்கள். தேடுவதும், நிற்பதும், பறவை எழும்பும்போது இருந்த இடத்திலேயே இருப்பதும்தான் அங்கே மதிப்பிடப்படுகின்றன. சாவு அந்தக் கணக்கில் இல்லை.

இப்போது உங்கள் நாய்க்கு வருவோம். அதன் மூக்கைப் பற்றிக் கவலைப்படாதீர்கள். அதை நீங்களோ நானோ கற்றுக்கொடுக்க முடியாது. கற்றுக்கொடுக்க வேண்டியவை இரண்டுதான்: கூப்பிட்டால் திரும்புவது, சொன்னால் நிற்பது. இவை இரண்டும் உறுதிப்படும் வரை கொல்லையில் அதை ஒருபோதும் அவிழ்த்துவிடாதீர்கள். 10 மீட்டர் நீளமுள்ள, முடிச்சில்லாத வழவழப்பான நைலான் கயிறு ஒன்றைக் கழுத்துப்பட்டையிலன்றி மார்புப்பட்டையில் கட்டித் தரையில் இழுபடவிடுங்கள். கழுத்தில் கட்டிய நீளக் கயிறு வேகத்தில் சுண்டினால் கழுத்தெலும்பு அடிபடும்.

நில் என்பதைப் பறவை வாசனையே இல்லாத இடத்தில் பழக்க வேண்டும். உங்கள் வீட்டில் திண்ணை இருந்தால் அதுவே மிக நல்ல பள்ளிக்கூடம். தரையைவிடச் சற்று உயரமான, ஓரம் தெளிவாகத் தெரியும் இடத்தில் நிறுத்தினால், நாய் தன் கால் எங்கே இருக்கிறது என்பதை உணர்ந்து நிற்கும். ஒரு முறை மட்டும் நில் என்று சொல்லிவிட்டு, கயிற்றைப் பிடித்தபடி ஒரு தப்படி பின்வாங்குங்கள். நகர்ந்தால் திட்டாமல், தூக்கி அதே இடத்தில் வையுங்கள். நின்றால், அது நின்றுகொண்டிருக்கும்போதே அருகில் போய்த் தடவிக்கொடுங்கள். கூப்பிட்டுப் பாராட்டினால் நகர்வதற்குப் பரிசு கொடுத்ததாக ஆகிவிடும். திண்ணையில் உறுதியானதும் முற்றத்தில், அதன்பின் தெருவில், கடைசியாகக் கொல்லையில் பழக்குங்கள். மின்சாரக் கழுத்துப்பட்டையைப் பலர் பரிந்துரைப்பார்கள். வேல்ஸ் நாட்டில் அதை 2010ஆம் ஆண்டிலேயே தடைசெய்துவிட்டார்கள். வாசனை வரும் கணத்தில் வலியும் வந்தால், மென்மையான மனமுள்ள பாயின்டர் வாசனையையே தவிர்க்கக் கற்றுக்கொள்ளும். பிறகு பறவையைக் கண்டும் காணாததுபோல விலகிப்போகும் நாயைத் திருத்துவது மிகக் கடினம்.

இவ்வளவும் முடிந்த பிறகுதான் வாசனை. பண்ணைக் காடை விற்கும் கறிக்கடையில் கேட்டால் இறகுகளை இலவசமாகவே கொடுப்பார்கள். அவற்றைத் துணிப்பையில் கட்டி உறைபெட்டியில் வைத்துக்கொண்டு, துளையிட்ட சிறு பிளாஸ்டிக் டப்பாவில் கொஞ்சம் போட்டு, முள்ளில்லாத ஒரு செடியின் அடியில் மறைத்துவிட்டு, அரைமணி நேரம் கழித்து நாயை அழைத்துவாருங்கள். காற்று உங்கள் முகத்தில் அடிக்கும் திசையிலிருந்துதான் நுழைய வேண்டும். வாசனை டப்பாவில் தொடங்கிக் காற்றுப்போக்கில் விரிந்துகொண்டே வரும். அதைக் குறுக்காக வெட்டும்படி நீங்கள் இடமும் வலமுமாக வளைந்து நடந்தால், நாயும் அப்படியே தேடப் பழகும். தலை சட்டென்று ஒரு பக்கம் திரும்பும் கணத்தில் கயிற்றை மெல்ல இறுக்கி நிறுத்துங்கள்; வாய் திறக்காதீர்கள். பக்கவாட்டில் சென்று முதுகைத் தடவி, பின்பக்கத்தில் கைவைத்து வாசனையை நோக்கி இலேசாகத் தள்ளுங்கள். நாய் காலை ஊன்றி எதிர்த்து நிற்கும். அந்த எதிர்ப்பில்தான் அதன் உறுதி வளரும். பிறகு உங்களோடு வந்தவர் எதிர்த்திசையில் ஒரு துணிப்பொம்மையை வீசட்டும். நீங்கள் விடை கொடுத்த பிறகே நாய் அதை ஓடி எடுக்க வேண்டும். ஓட்டம் என்னும் பரிசு, நின்றதற்குக் கூலியாக, பறவை இல்லாத திசையில் கிடைக்கிறது.

அணைக்கட்டு_கிழவனார் எழுதியது:

தம்பி ஆம்பூராரே, நன்றாக எழுதியிருக்கிறீர்கள். உரிமம் இருந்த காலத்தைக் கண்ணால் பார்த்தவன் நான். அந்தக் காலம் திரும்ப வேண்டுமென்று கேட்கவில்லை. அப்போது காலை நேரத்தில் எந்தக் கரம்பில் நின்றாலும் நாலாபக்கமும் கௌதாரிக் கூவல் கேட்கும். இன்று வீட்டுமனைக் கற்கள் நட்ட இடங்களில் அது கேட்பதில்லை. இருந்தாலும் ஒரு சந்தேகம். டப்பாவில் வைத்த இறகு செத்த பொருள். உயிருள்ள பறவையின் சூடான வாசனையும் அதுவும் ஒன்றாகுமா? நாய்க்குச் சில நாள்களில் சலித்துப்போகும் அல்லவா? கயிற்றைக் கையில் பிடித்துக்கொண்டு, சொந்தக் கொல்லையில் உள்ள கௌதாரியின் எதிரே நாயை நிற்கவிட்டு, பறவை தானாகப் பறந்து போகும் வரை பொறுத்திருந்து, நாயைத் திருப்பி அழைத்துவந்தால் யாருக்கு என்ன நட்டம்? துரத்தலும் இல்லை, பிடித்தலும் இல்லை.

ஆம்பூர்_வடக்கு எழுதியது:

ஐயா, உங்கள் கேள்வி நியாயமானது. சட்டத்தையும் பறவையின் நலனையும் ஒருகணம் தள்ளிவைத்துவிட்டு, நாய்ப் பயிற்சி என்ற ஒரே கோணத்தில் பார்த்தாலும், இளம் பாயின்டருக்குக் கௌதாரியைவிடக் கெட்ட ஆசிரியர் கிடையாது என்பதுதான் என் பதில்.

கௌதாரி எப்படித் தப்பிக்கிறது என்பதை என்னைவிட நீங்கள் நன்றாக அறிவீர்கள். ஆள் வருவது தெரிந்ததும் அது பறப்பதில்லை; ஓடுகிறது. வரப்போரமாக, புதர் மாற்றிப் புதராக, தலையைத் தாழ்த்திக்கொண்டு ஓடி, வேறு வழியே இல்லாதபோதுதான் சிறகடித்து எழுகிறது. நாய் நிற்கிறது, பறவை நகர்ந்துவிடுகிறது, வாசனை மெலிகிறது, நாய் நாலடி முன்னால் ஊர்ந்து மறுபடி நிற்கிறது. இப்படிப் பத்து முறை நடந்தால், நின்றால் பறவை போய்விடும், ஊர்ந்தால் நெருங்கலாம் என்ற பாடத்தைத்தான் அது கற்றுக்கொள்கிறது. ஊர்ந்து நெருங்கும் நாய் ஒருநாள் பாயும். பாய்ந்த நாய் துரத்தும். ஒடுகத்தூர்த் தம்பியின் நாய் இப்போது இருக்கும் இடம் அதுதான். பாயின்டர் இனத்தை வளர்த்தெடுத்தவர்கள் விரும்பியது, மிதிபடும் வரை பதுங்கிக் கிடக்கும் பறவையை. நம் பக்கத்தில் அந்தக் குணம் புதர்க்காடைக்கு உண்டு. காலடி வரை அசையாமல் கூட்டமாகக் கிடந்து, கடைசி நொடியில் எல்லாத் திசையிலும் வெடித்துச் சிதறும். பெரியவர்களே திடுக்கிட்டுவிடும் அந்தச் சிதறல், பயிற்சி முடியாத நாயை நிச்சயமாக இழுத்துக்கொண்டு ஓடும்.

இறகின் வாசனை உயிர்ப்பறவையின் வாசனைக்கு ஈடில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அது ஓடாது; வைத்த இடத்தில் இருக்கும். ஆகவே நாய் சரியாகச் செய்ததா தவறாகச் செய்ததா என்பது உங்களுக்கு ஐயமின்றித் தெரியும். பயிற்சியில் இதைவிடப் பெரிய வசதி எதுவும் இல்லை.

அமிர்தி_பறவைநோக்கர் எழுதியது:

பறவைகளின் பக்கம் நின்று சிலவற்றைச் சொல்ல வேண்டும். கௌதாரியின் அறிவியல் பெயரிலேயே நம் பக்கத்துப் பாண்டிச்சேரி இருக்கிறது. பாண்டிசெரியானஸ் என்று 1789இல் பெயரிடப்பட்ட பறவை அது. முக்கியமாக ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை இனப்பெருக்கம் செய்கிறது. கூடு என்று பெரிதாக எதுவும் இருக்காது. புல் மறைவிலோ புதர் அடியிலோ தரையில் ஒரு குழிவு, அதில் ஆறு முதல் எட்டு முட்டைகள். கௌதாரி மட்டுமல்ல, கொல்லைக்கரம்பில் ஆள்காட்டியும் வானம்பாடியும் பக்கியும் தரையில்தான் முட்டையிடுகின்றன. நாய் மிதிக்காவிட்டாலும் தாய்ப்பறவை எழுந்து போனால், வேலூரின் சித்திரை வெயிலில் திறந்து கிடக்கும் முட்டைக்கு நீண்ட நேரம் தேவையில்லை. அணைக்கட்டு ஐயா கேட்ட நட்டம் இதுதான். பறவை தானாகப் பறந்து போவதாக நமக்குத் தோன்றும் இடத்தில், அது கூட்டை விட்டுப் போகிறதா என்பது நமக்குத் தெரியாது.

ஸ்காட்லாந்தைப் போல இங்கேயும் நாயை வைத்துக் கௌதாரிகளைக் கணக்கெடுக்கலாமே என்று யாராவது கேட்கக்கூடும். ஆம்பூர் நண்பர் அதைப்பற்றி எழுத வேண்டும். என்னைக் கேட்டால், விடியற்காலையில் ஒரே இடத்தில் நின்று எத்தனை இடங்களிலிருந்து கூவல் வருகிறது என்று குறித்துக்கொள்வதே நம் ஊருக்குப் போதும். கௌதாரி தன் இருப்பைத் தானே உரக்க அறிவித்துவிடும் பறவை. ஒலி தெரிந்த ஒருவர் ஒரு கரம்பின் கணக்கை அமைதியாக எடுத்துவிடலாம்.

ஆம்பூர்_வடக்கு எழுதியது:

பறவைநோக்கர் சொல்வதோடு உடன்படுகிறேன். ஸ்காட்லாந்தில் கிரவுஸ் கணக்கெடுப்புக்கு நாய் தேவைப்படுவதற்குக் காரணம், அந்தப் பறவை முழங்கால் உயர ஹீத்தர் புதருக்குள் ஓசையின்றிப் பதுங்கிவிடுவதுதான். வசந்தத்தில் இணைகளையும், ஜூலையில் குஞ்சுகளோடு இருக்கும் குடும்பங்களையும் நாய்களைக்கொண்டு எண்ணுவார்கள். நார்வேயில் வில்லோ டார்மிகன் பறவைக்கு ஆகஸ்ட் மாதத்தில், குஞ்சுகள் பறக்கத் தொடங்கிய பிறகு இந்த வேலை நடக்கிறது. வரைபடத்தில் குறித்த நேர்கோட்டில் ஆள் நடக்க, நாய் இருபுறமும் தேடி நிற்க, பறவை எழுந்த இடத்துக்கும் கோட்டுக்கும் இடையிலான தூரத்தை அளந்து, அதிலிருந்து அடர்த்தியைக் கணக்கிடுவார்கள். இன்னும் பழைய எடுத்துக்காட்டு நியூசிலாந்தில் இருக்கிறது. 1890களில் ரிச்சர்ட் ஹென்றி என்பவர் வாய்க்கூடு பூட்டிய நாயின் உதவியால் காகாப்போ கிளிகளையும் கிவிகளையும் கண்டுபிடித்து, அவற்றைக் காப்பாற்றுவதற்காக ரெசொல்யூஷன் தீவுக்குக் கொண்டுபோனார். அந்த நாட்டு அரசு இன்றும் பறவைகளைக் காப்பதற்கென்றே நாய்களைப் பழக்குகிறது. பாயின்டரின் திறமை கொலைக்கு மட்டுமே உரியது என்று நினைப்பவர்கள் இவற்றைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

ஆனால் அங்கே ஒவ்வொரு நாயும் தேர்வுபெற்ற நாய். ஒவ்வொரு நடையும் அனுமதி பெற்ற நடை. நம் நாட்டில் வனத்துறையின் எழுத்துப்பூர்வமான அனுமதியோடு, ஒரு ஆய்வு நிறுவனத்தின் பொறுப்பில் மட்டுமே இதை நினைக்கலாம். தனிமனிதர் தன் ஆர்வத்துக்காகச் செய்யக்கூடிய காரியம் அன்று.

ஒடுகத்தூர்_மானாவாரி எழுதியது:

எல்லோருக்கும் மிக்க நன்றி. திண்ணைப் பயிற்சி எதிர்பார்த்ததைவிட நன்றாகவே போனது. இப்போது தெருவில் ஆடு போனாலும் நில் என்றால் நிற்கிறது. இறகு டப்பாவில்தான் சிக்கல். முதலில் தூரத்திலிருந்தே தலையைத் திருப்பி அழகாக நின்றது. இப்போது டப்பா இல்லாத செடிக்கு முன்னாலும் நிற்கிறது. சில சமயம் காற்றைத் தேடாமல், தலையைத் தரையில் வைத்து என் காலடித் தடத்தைப் பிடித்துக்கொண்டே நேராக டப்பாவுக்குப் போய்விடுகிறது. இது சலிப்பா, தந்திரமா என்று புரியவில்லை. வெயில் ஏறிவிட்டால் நாக்கைத் தொங்கவிட்டுக்கொண்டு எதையும் தேடுவதேயில்லை என்பதையும் சொல்ல வேண்டும்.

ஆம்பூர்_வடக்கு எழுதியது:

இது சலிப்பில்லை, நீங்கள் நினைப்பதைவிட அது கெட்டிக்கார நாய் என்பதுதான் பொருள். மனித மூக்கில் 50 முதல் 60 லட்சம் வாசனை ஏற்பிகள் என்றால், நாயின் மூக்கில் 30 கோடி வரை இருக்கும். மோந்த காற்றை வெளிவிடும்போது மூக்கின் பக்கப் பிளவுகள் வழியாக விடுவதால், வெளியேறும் மூச்சு அடுத்த வாசனையைக் கலைப்பதில்லை. அப்படிப்பட்ட மூக்குக்கு, உங்கள் கைவாசனையும் செருப்பு வாசனையும் காடை இறகைவிட எளிய தடயம். ஆகவே டப்பாவைக் கையுறையோடு எடுங்கள்; வேறொருவரை வைக்கச் சொல்லுங்கள். அவர் நிலம் முழுக்க நடந்து பல செடிகளின் அருகே குனிந்து நிமிர்ந்துவிட்டு, ஒன்றில் மட்டும் வைக்கட்டும். நாய் வரும் திசைக்கு எதிர்ப்புறத்திலிருந்து அவர் நுழைந்து அதே வழியில் வெளியேறினால் காலடித் தடம் குறுக்கே வராது.

வெறுஞ்செடிக்கு முன் நிற்பதற்குக் காரணம், முந்தைய நாள் டப்பா இருந்த இடத்தில் வாசனை தங்கியிருப்பது. ஒரே இடத்தை மறுபடி பயன்படுத்தாதீர்கள். இறகே இல்லாத சுத்தமான டப்பாக்கள் சிலவற்றையும் வையுங்கள். அவற்றின் முன் நின்றால் பாராட்டவும் வேண்டாம், கண்டிக்கவும் வேண்டாம். பேசாமல் அடுத்த பக்கம் நடந்துவிடுங்கள். பரிசு கிடைக்காத நிற்றலை நாய் தானே கைவிடும். இன்னொரு முக்கியமான செய்தி: சில நாள்களில் எதுவுமே வைக்காமல் வெறும் நிலத்தில் தேடவிட்டு, ஒன்றும் கிடைக்காமலே வீட்டுக்கு அழைத்துவாருங்கள். தேடினால் எப்போதும் கிடைக்கும் என்ற நம்பிக்கையில்தான் பொய்யாக நிற்கும் பழக்கம் பிறக்கிறது.

வெயிலைப் பற்றிச் சொன்னது சரியான கவனிப்பு. வாயைத் திறந்து இளைக்கும் நாயால் அதே நேரத்தில் சரியாக மோந்து பார்க்க முடியாது. தரை சூடேறினால் காற்று மேலெழுந்து வாசனையையும் தூக்கிக்கொண்டு போய்விடும். நம் ஊருக்கு ஐப்பசி முதல் தை வரை, மழையில் நனைந்த செம்மண்ணும் பனியில் ஈரமான புல்லும் இருக்கும் காலைகளே சிறந்தவை. சூரியன் ஏறும் முன் தொடங்கிச் சற்று நேரத்திலேயே, நாய் இன்னும் வேண்டுமென்று கேட்கும்போதே, நிறுத்திவிடுங்கள். பங்குனி முதல் ஆவணி வரை கொல்லைப் பயிற்சியை முழுமையாக விட்டுவிடலாம். பறவைநோக்கர் சொன்ன கூடுகட்டும் காலமும் ஏறக்குறைய அதனோடு சேர்ந்தே முடிகிறது. அந்த மாதங்களில் திண்ணையும் முற்றமும் போதும்.

காட்பாடி_கால்நடை எழுதியது:

கால்நடை மருத்துவன் என்ற முறையில் வெப்பத்தைப் பற்றி இன்னும் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். நாயின் இயல்பான உடல்வெப்பம் 38 முதல் 39.2 டிகிரி செல்சியஸ் வரை. 41ஐத் தாண்டினால் உயிருக்கு ஆபத்து. பாயின்டர் தன் உடல் தாங்காது என்று தெரிந்து தானாக நிற்கும் இனம் அல்ல. வாசனை இருக்கும் வரை ஓடும். ஈறு கடும் சிவப்பாவது, எச்சில் கெட்டியாவது, நடை தள்ளாடுவது ஆகியவற்றைக் கண்டால் உடனே நிழலுக்குக் கொண்டுபோய், உடல் முழுக்கத் தண்ணீரை ஊற்றி விசிறுங்கள். ஈரத்துண்டைப் போர்த்தி அப்படியே விட்டுவிட்டால் உள்வெப்பம் வெளியேறாமல் தங்கிவிடும். குளிர்வித்துக்கொண்டே மருத்துவமனைக்குக் கிளம்ப வேண்டும். குளிர்விக்காமல் வண்டியில் போட்டுக்கொண்டு ஓடிவருவதில் பயனில்லை.

மலையடிவாரச் செம்மண் கரம்பில் சுருட்டை விரியனும் கண்ணாடி விரியனும் உண்டு. மூக்கைப் புதருக்குள் நுழைக்கும் நாய்க்கு முகத்திலும் முன்னங்காலிலும்தான் கடி விழும். கட்டுப்போடுவது, கீறிவிடுவது, பச்சிலை அரைத்துப் பூசுவது எதுவும் வேண்டாம். நாயை நடக்கவிடாமல் தூக்கிக்கொண்டு வாருங்கள். மனிதருக்குப் போடும் அதே பலவகை நச்சுமுறிமருந்துதான் நாய்க்கும் வேலை செய்யும். குறைந்த முடியுள்ள நாய் என்பதால் முள்கீறல் நிறைய இருக்கும். வீடு திரும்பியதும் விரலிடுக்கு, காதுமடல், அக்குள் ஆகிய இடங்களில் நெருஞ்சியும் உண்ணியும் பாருங்கள். உண்ணியால் பரவும் காய்ச்சலில் நாய் சாப்பாட்டை மறுக்கும், சோர்ந்து படுக்கும், சில நேரங்களில் மூக்கிலிருந்து இரத்தம் வரும்; இரத்தப் பரிசோதனையைத் தள்ளிப்போடக் கூடாது.

பாம்பைவிட எனக்குப் பெரிய அச்சம் காட்டுப்பன்றிக்காக வைக்கப்படும் நாட்டுவெடியும் சுருக்குக் கம்பியும்தான். காட்டோரக் கொல்லைகளில் நாயை அவிழ்த்துவிடக் கூடாது என்பதற்கு, வேறு எந்தச் சட்டமும் இல்லாவிட்டாலும், இது ஒன்றே போதுமான காரணம்.

குடியாத்தம்_சிப்பிப்பாறை எழுதியது:

இழையை முழுவதும் படித்தேன். என்னிடம் சிப்பிப்பாறை இனத்து நாய் ஒன்று இருக்கிறது. அதையும் இதே முறையில் வாசனைக்கு நிற்கப் பழக்க முடியுமா?

ஆம்பூர்_வடக்கு எழுதியது:

நிற்கப் பழக்க முடியாது, ஐயா. அதற்காக வருந்தவும் வேண்டாம். சிப்பிப்பாறை, கன்னி, இராசபாளையம் ஆகியவை கண்ணால் கண்டு, வேகத்தால் பிடிக்கும் மரபில் வந்தவை. உறைந்து நிற்கும் குணத்தை அவற்றில் யாரும் தேர்ந்தெடுத்து வளர்க்கவில்லை. இல்லாத ஒன்றைக் கயிற்றாலும் கட்டளையாலும் உண்டாக்கினால், அது நில் என்ற சொல்லுக்குக் கீழ்ப்படிவதாக இருக்குமே தவிர, வாசனைக்கு நிற்பதாக இருக்காது.

ஆனால் நீளக் கயிறும், கூப்பிட்டால் திரும்புவதும், திண்ணையில் நிற்பதும் உங்கள் நாய்க்குப் பாயின்டரைவிட அதிகமாகத் தேவை. அது ஓடத் தொடங்கினால் உங்கள் குரலுக்கு எட்டாத தூரத்தை மிக விரைவில் கடந்துவிடும். சுற்றுவேலி உள்ள இடத்தில், ஓட்டத்துக்குத் தீனியாக நீண்ட கயிற்றின் நுனியில் துணிச்சுருள் ஒன்றைக் கட்டித் தரையோடு இழுத்து விளையாட்டுக் காட்டுங்கள். துணியை நீங்கள் அசையாமல் பிடித்ததும் அதுவும் நிற்க வேண்டும், விடை சொன்னதும்தான் மறுபடி பாய வேண்டும் என்ற ஒழுங்கை அந்த விளையாட்டுக்குள்ளேயே கொண்டுவந்துவிடலாம். அந்த ஒழுங்கு உறுதியாகும் வரை, முயலும் மயிலும் திரியும் திறந்த கரம்புக்கு மார்புப்பட்டையும் கயிறும் இல்லாமல் அழைத்துச்செல்லாதீர்கள்.